உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை? குடல் அழற்சி நோயும் பாதியில் நின்றுபோகும் மருந்துகளும்

மோஷனில் ரத்தம் போனபோது பயந்துபோய் ஒரு வேளை விடாமல் மாத்திரை போட்டவர், ரத்தம் நின்று சில மாதம் ஆனதும் மெல்ல விடத் தொடங்குகிறார். முதலில் மதிய வேளை போகும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போகும், பிறகு மருந்துக்கடைக்குப் போவதே நின்றுவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் கிரோன் நோய்க்கும் வைத்தியம் பார்க்கும் எந்தக் குடல் மருத்துவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். நோய் திரும்பி வரும்போது "ஏன் நிறுத்தினீங்க?" என்று ஒரு திட்டு விழும். நோயாளி தலையைக் குனிந்துகொள்வார். அவர் ஏன் நிறுத்தினார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போகும்.

அதற்கான காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடி வருகிறார்கள். கிடைத்த விடைகளில் முக்கியமானது இது: மருந்தை விடுபவர்களில் பலர் அலட்சியக்காரர்கள் அல்ல. தங்களுக்குத் தெரிந்த விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுத்தான் விடுகிறார்கள். அந்தக் கணக்கில் எது விடுபட்டுப் போகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் நோய்

குடல் அழற்சி நோய் என்பது ஒரே நோயின் பெயரல்ல. அதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு.

1. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: பெருங்குடலின் உட்சவ்வு மட்டும் புண்ணாகும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். ரத்தமும் சளியும் கலந்த பேதி, கழிப்பறைக்கு ஓடவைக்கும் அவசரம் ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

2. கிரோன் நோய்: வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வருவதுதான் அதிகம். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்குவதால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். சிலருக்குப் பௌத்திரம் உண்டாகும். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் இருந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-இல் இதை விவரித்து எழுதினார்கள்.

இரண்டிலும் உடலின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிறது. ஐபிஎஸ் எனப்படும் 'எரிச்சல் குடல்' தொல்லை வேறு. அதில் குடல் புண்ணாவதில்லை. பெயர்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் ஐபிஎஸ் உள்ள உறவினரின் யோசனை கொலைட்டிஸ் உள்ளவருக்கு வந்து சேர்கிறது: "எனக்கும் அதேதான், டென்ஷனைக் குறைச்சேன், மாத்திரை இல்லாமலே சரியாயிடுச்சு."

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது. பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்து 2003-இல் வெளியான கணக்கெடுப்பில், லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது.

நோய் அடங்கியிருக்கும் காலத்தைத் 'தணிந்த நிலை' என்று சொல்லலாம். வலி இல்லை, ரத்தம் இல்லை, சாப்பாடு இறங்குகிறது. ஆனால் அறிகுறி அடங்குவதும் குடல் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. நோயாளி நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே கொலனாஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தால் சவ்வு சிவந்து கிடப்பதைப் பார்க்கலாம். மலத்தில், குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு கூடியிருக்கலாம். அது நீறு பூத்த நெருப்பு. மாத்திரைகளைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

எந்த மருந்து எதற்கு

எல்லா மருந்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இதை யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் பாதிப் பேர் மருந்தை விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஸ்டீராய்டு, அதாவது சீட்டில் ப்ரெட்னிசோலோன் அல்லது வைசோலோன் என்று இருப்பது, தீயை அணைக்க வந்தது. சில நாட்களிலேயே குணம் தெரியும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதனால் நீண்ட நாள் கொடுக்க மாட்டார்கள். நோய் திரும்பி வராமல் காக்கும் சக்தியும் அதற்கு இல்லை.

காக்கும் வேலையைச் செய்பவை வேறு மருந்துகள். கொலைட்டிஸுக்கு மெசலமின். அதன் முன்னோடி சல்ஃபாசலசின். சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் அதை மூட்டுவாதத்துக்காக உருவாக்கி, குடலுக்கும் நல்லது செய்வதைக் கண்டு 1940-களில் வெளியிட்டார். அதில் வேலை செய்யும் பகுதி எது என்று 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரித்துக் காட்டிய பிறகு, அந்தப் பகுதியை மட்டும் எடுத்து மெசலமின் வந்தது. நோய் அதற்கு அடங்காதவர்களுக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோப்ரின். அதற்கும் மேலே இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற, உயிரணுக்களில் தயாராகும் பயாலஜிக் ஊசிகளும், டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன.

இப்போது நோயாளியின் இடத்தில் நின்று பாருங்கள். ஸ்டீராய்டு போட்டார், ஒரே வாரத்தில் ரத்தம் நின்றது. கூடவே அசதயோப்ரின் தொடங்கினார்கள். அது முழுதாக வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். 'வேலை செய்த மருந்தை நிறுத்திவிட்டார்கள், வேலை செய்யாததைத் தொடரச் சொல்கிறார்கள்' என்றுதான் அவருக்குப் படும். அவர் கண்ணால் கண்டதும் அதுதான். மெசலமினும் அசதயோப்ரினும் நன்றாக வேலை செய்தால், அதன் விளைவு எதுவும் நடக்காமல் இருப்பதுதான். ஒன்றுமே நடக்காத ஒரு மாதத்துக்குப் பின்னால் ஒரு மருந்து நிற்கிறது என்று நம்புவது யாருக்கும் எளிதல்ல.

விட்டால் என்ன ஆகும்

இதற்குத் தெளிவான விடை தந்தவர் சுனந்தா கேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, மெசலமினில் நோய் தணிந்திருந்த 99 பேரைப் பின்தொடர்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டது. எழுதிக் கொடுத்த மாத்திரையில் 80 சதவீதமாவது கடையில் வாங்கியிருந்தால் 'ஒழுங்காகப் போடுபவர்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஒழுங்காகப் போட்டவர்களுக்கு நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு 89 சதவீதம். மற்றவர்களுக்கு 39 சதவீதம். நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர் சாப்பாடு, தூக்கம், பரிசோதனை எல்லாவற்றிலும் ஒழுங்காக இருக்கக்கூடும். வித்தியாசம் முழுவதையும் மாத்திரை கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் 89-க்கும் 39-க்கும் நடுவில் உள்ள இடைவெளி சின்னதல்ல. அதே குழு 2001-இல் இன்னொரு கணக்கு எடுத்திருந்தது: நோய் தணிந்திருந்தவர்களில் மாத்திரையை ஒழுங்காக வாங்கியவர்கள் 40 சதவீதம் பேர் மட்டுமே.

விளைவு ஒரு பேதியோடு முடிவதில்லை. நோய் திரும்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஸ்டீராய்டு வருகிறது, அதன் கெடுதல்களும் வருகின்றன. கிரோன் நோயில் ஒவ்வொரு தாக்குதலும் குடலில் தழும்பை விட்டுப்போகும்; தழும்பு சேரச் சேரக் குடல் சுருங்கும்; சுருங்கினால் அறுவை சிகிச்சை. பெருங்குடலில் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் புற்றுநோய் அபாயம் ஏறுகிறது. அதனால்தான் நோய் தொடங்கிச் சுமார் எட்டு ஆண்டு ஆனவர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் கொலனாஸ்கோபிக்கு வரச் சொல்கிறார்கள்.

மறதியா, முடிவா?

மருந்து தவறுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, போட நினைத்தும் முடியாமல் போவது: மறதி, வெளியூர்ப் பயணம், காசில்லாமை. மற்றொன்று, யோசித்துத் தீர்மானித்து விடுவது. செல்பேசியில் அலாரம் வைப்பது முதல் வகைக்கு உதவும். இரண்டாவது வகைக்கு அலாரம் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

இந்த இரண்டாவது வகையை அளக்க வழி செய்தவர் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் ராப் ஹோர்ன். ஒவ்வொரு நோயாளியின் மனதிலும் இரண்டு தட்டுகள் இருக்கின்றன என்பது அவர் வாதம். ஒன்றில் 'இந்த மருந்து எனக்கு எவ்வளவு தேவை?' என்ற கேள்வி. மற்றொன்றில் 'இதனால் எனக்கு என்ன கெடுதல் வருமோ?' என்ற கவலை. எந்தத் தட்டு தாழ்கிறதோ அதன்படி கை மாத்திரையை எடுக்கும், அல்லது எடுக்காது.

அவர் குழு பிரிட்டனின் குடல் அழற்சி நோயாளிகள் சங்கத்தைச் சேர்ந்த 1,871 பேரிடம் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 29 சதவீதம் பேர் மருந்தைச் சரியாகப் போடுவதில்லை என்று தாங்களே சொன்னார்கள். மனப்போக்கை வைத்து எல்லோரையும் நான்காகப் பிரித்தார்கள்:

1. தேவை என்று நம்புகிறார், கவலை குறைவு: 48 சதவீதம்.
2. தேவை என்று நம்புகிறார், ஆனால் பயமும் அதிகம்: 42 சதவீதம்.
3. தேவை என்றும் நம்பவில்லை, பயமும் இருக்கிறது: 6 சதவீதம்.
4. தேவை என்றும் நம்பவில்லை, பயமும் இல்லை: 4 சதவீதம்.

என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமானவர்கள் அந்த 42 சதவீதம் பேர். மருந்து வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். 'மாத்திரை போடாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா?' என்று மிரட்டுவதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே நிறைந்திருக்கும் தட்டிலேயே மறுபடி எடை வைப்பது அது. அவர்களை இழுத்துப் பிடிப்பது மற்ற தட்டில் உள்ள பயம். அதை யாரும் கேட்பதில்லை. மருத்துவரிடம் அவர்களாகச் சொல்வதும் இல்லை.

நம் ஊரில் 'தேவை' எப்படித் தேய்கிறது

மேலே உள்ளவை அமெரிக்க, பிரிட்டன் கணக்குகள். தமிழ்நாட்டில் நோயாளி குடல் மருத்துவரிடம் வந்து சேரும் வழியே வேறு. மோஷனில் ரத்தம் என்றால் வீட்டில் முதலில் சொல்வது "சூடு" என்பதுதான். மோர், இளநீர், வெந்தயம். அடங்காவிட்டால் "மூலம்". பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று ஒட்டியிருக்கும் முகவரிகளில் ஒன்றுக்குப் போவார்கள். உண்மையில் கொலைட்டிஸ் தானாகவே சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். இறங்கும் நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். பிறகு குடல் மருத்துவர் 'வருடக்கணக்கில் மாத்திரை' என்னும்போது, 'முன்பு மோரிலேயே சரியானதுதானே' என்ற நினைவு எதிரே வந்து நிற்கும்.

கிரோன் நோயில் இன்னொரு சிக்கல். இந்தியாவில் குடல் காசநோய் சாதாரணம். கொலனாஸ்கோபியிலும் திசுப் பரிசோதனையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியலாம். காசநோய் உள்ளவருக்குக் கிரோன் மருந்து கொடுத்தால் ஆபத்து என்பதால், சந்தேகம் இருக்கும்போது காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அது நியாயமான வழிதான். ஆனால் சில மாதம் அந்த மாத்திரைகளை விழுங்கி, வாந்தி எடுத்து, கடைசியில் "இது டிபி இல்லை, கிரோன்" என்று கேட்கும் நோயாளிக்கு அடுத்த மருந்தின்மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? 'போன தடவையும் உறுதியாகத்தானே சொன்னார்கள்?' இந்தச் சோதனை ஏன், எப்போது தெரியும், தவறினால் அடுத்து என்ன என்று முதல் நாளே சொல்லிவிடும் மருத்துவர்களின் நோயாளிகளுக்கு இந்த ஏமாற்றம் குறையும்.

பயங்களில் எது நிஜம்

பயங்களை 'வீண் பயம்' என்று தள்ளினால் நோயாளி மறுபடி வாய் திறக்க மாட்டார். சில பயங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

1. "கிட்னி கெட்டுப்போகும்." மெசலமின் அபூர்வமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்காகத்தான் அவ்வப்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. பார்த்துக்கொண்டே போடும்போது முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

2. "புற்றுநோய் வரும்." அசதயோப்ரின் போடுபவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடுவது உண்மை. பிரான்சில் 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த வகை மருந்தைப் போட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாக அது வந்தது. 'மூன்று நான்கு மடங்கு' என்றாலும் இதே விஷயம்தான், 'ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு' என்றாலும் இதே விஷயம்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நோயாளி நிதானமாக முடிவெடுக்க முடியும்.

3. "ரத்த அணு குறையும், முடி கொட்டும்." அசதயோப்ரினில் இதுவும் நடக்கும். NUDT15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இது கடுமையாக வரும். ஆசியர்களிடம் அந்த மாற்றம் ஐரோப்பியர்களைவிட அதிகம். மரபணுப் பரிசோதனை இருக்கிறது. தொடக்க வாரங்களில் அடிக்கடி ரத்தம் எடுப்பதும் இதற்காகத்தான்.

4. "குழந்தை பிறக்காது, பிறந்தாலும் பாதிப்பு." இங்கே மருந்துக்கு மருந்து விடை மாறும். சல்ஃபாசலசின் ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும். நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகும். கிரோன் நோயில் சிலருக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிக்கும் முன்பே கட்டாயம் நிறுத்த வேண்டும். ஆனால் மெசலமின், அசதயோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமாப் ஆகியவற்றைக் கர்ப்பத்தில் தொடரவே பொதுவாகச் சொல்கிறார்கள். கர்ப்ப நேரத்தில் நோய் கிளம்புவதுதான் கருவுக்குப் பெரிய ஆபத்து. குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் அப்போதுதான் அதிகம். நாள் தள்ளிப்போனதும் மாமியாருக்கும் தெரியாமல் மாத்திரை அத்தனையையும் நிறுத்திவிடும் பெண், குழந்தைக்கு நல்லது என்று நினைத்துத்தான் அதைச் செய்கிறாள்.

5. "இதற்குப் பதில் மஞ்சள் போதாதா?" மஞ்சளின் குர்குமினை வைத்து ஜப்பானில் 2006-இல் நடந்த ஆய்வு நம்பிக்கை தருவது. ஆறு மாதத்தில், குர்குமின் எடுத்தவர்களில் 43 பேரில் 2 பேருக்கும், எடுக்காதவர்களில் 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. இந்தச் செய்தி பரவும்போது விடுபடும் வரி ஒன்று உண்டு: இரண்டு பக்கத்தாரும் சல்ஃபாசலசின் அல்லது மெசலமின் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சொல்லக் கூசும் தடைகள்

மலக்குடலோடு நின்றுவிட்ட கொலைட்டிஸுக்கு வாய்வழி மாத்திரையைவிட ஆசனவாய் வழியாக வைக்கும் சப்போசிட்டரி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதை வைக்கத் தனிமை வேண்டும். எனிமா என்றால் போட்டுக்கொண்டு இடதுபக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், இரவு முழுக்கத் தாங்கினால் நல்லது. எட்டுப் பேர் தங்கும் விடுதி அறையில் இருக்கும் மாணவன் இதை எங்கே செய்வான்? ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண்? மருந்து அலமாரியிலேயே காலாவதியாகும். மருத்துவர் கேட்டால் "வைக்கிறேன்" என்பார்கள்.

இன்னொன்று, சில வகை மெசலமின் மாத்திரைகளின் மேலுறை கரையாமல் மலத்தோடு அப்படியே வெளியே வரும். உள்ளிருந்த மருந்து இறங்கியிருக்கும். வெறும் கூடு மட்டும் வரும். அதைப் பார்த்தவர் 'முழு மாத்திரையும் போய்விடுகிறது, காசுதான் வீண்' என்று நிறுத்திவிடுவார். முதல் சீட்டு எழுதும்போதே சொல்ல வேண்டிய ஒரு வரி இது. சல்ஃபாசலசினில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதும் இப்படி முன்பே சொல்ல வேண்டியதுதான்.

காசு தனி விஷயம். தமிழ்நாட்டில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. குடல் அழற்சி நோயாளிக்கு அப்படி இல்லை. காப்பீடுகளும் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் கை கொடுக்கும்; நோயாளி படுக்காமல் இருக்க உதவும் மாத்திரைக்குக் கொடுப்பதில்லை. மாதக் கடைசியில் நான்கு மாத்திரையை இரண்டாக்குவது இந்த வீடுகளில் நடக்கும் கணக்கு. அதை மருத்துவரிடம் சொன்னால் விலை குறைந்த மாற்று பல நேரம் கிடைக்கும். அடலிமுமாபை ஒத்த மாற்று ஊசி (பயோசிமிலர்) உலகிலேயே முதலில் 2014-இல் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. டோஃபாசிடினிப்பும் இங்கே தயாராகிறது.

மாத்திரையை மூன்று வேளையிலிருந்து ஒரு வேளையாக்குவதும் நல்ல மாற்றம். மெசலமினை ஒரே வேளையில் போட்டாலும் பலன் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதே ஆய்வுகளில் வேளை குறைந்ததால் மட்டும் மருந்து போடும் ஒழுங்கு பெரிதாகக் கூடிவிடவில்லை. பயம் அப்படியே இருக்கும்போது வேளையைக் குறைத்து என்ன பயன்?

மருத்துவர் அறையில் மாற்றக்கூடியது

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்ற கேள்விக்கு "ஆமாம் டாக்டர்" என்பதைத் தவிர வேறு பதில் வருவது கடினம். "போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் விடும்" என்று கேட்டால் உண்மை வரும். "இந்த மருந்தில் உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. திசுப் பரிசோதனை (பயாப்ஸி) அறிக்கையையோ கால்ப்ரொடெக்டின் எண்ணையோ காட்டி, வெளியே அடங்கியிருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்குவது மூன்றாவது வேலை. கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனைப் புறநோயாளி அறையில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். பயிற்சி பெற்ற செவிலியரும் மருந்தாளுநரும் இதைச் செய்ய முடியும். பிரிட்டனில் குடல் அழற்சி நோய்க்கென்றே தனிச் செவிலியர்கள் இருக்கிறார்கள்.

நோயாளிக்கும் ஒரு யோசனை: பரிசோதனைக்குப் போகும்போது மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டைகளைப் பையில் எடுத்துப் போங்கள். மருந்து போட்டும் நோய் திரும்பியதா, போடாமல் திரும்பியதா என்று தெரியாவிட்டால், மருத்துவர் மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து அடுத்த கட்ட ஊசிக்கு மாற்றிவிடக்கூடும். தேவையில்லாத செலவும் அபாயமும் அப்படித்தான் வருகின்றன.

ஏற்கெனவே நிறுத்தியவர்கள்

நிறுத்தவே முடியாதா என்றால், சிலருக்குச் சில மருந்துகளைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். கொலனாஸ்கோபியில் சவ்வு ஆறியிருக்க வேண்டும், கால்ப்ரொடெக்டின் இறங்கியிருக்க வேண்டும், நிறுத்திய பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும்.

தானாக நிறுத்திவிட்டவர்கள் மறுபடி தொடங்கும்போது கவனம் தேவை. மெசலமின் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது பொதுவாக எளிது. அசதயோப்ரினைப் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போடக் கூடாது. ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகளை விட்டுவிட்டுப் போட்டால் உடல் அந்த மருந்துக்கே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிக்கொள்ளும். நீண்ட இடைவெளிக்குப் பின் போடும்போது ஒவ்வாமை வரலாம், ஊசி பலனற்றும் போகலாம்; எனவே எத்தனை மாத இடைவெளி என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடையில் காசநோய் தொற்றியிருக்கிறதா என்ற பரிசோதனையும் மறுபடி தேவைப்படலாம். சில வாரங்களாக ஸ்டீராய்டு போட்டுவந்து திடீரென்று நிறுத்தியவருக்கு மயக்கம், வாந்தி, கடும் சோர்வு இருந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.